குமாரபாளையத்துத் தபால் கார்டு

சுற்றுப்பயணப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்கு என்னைக் கூப்பிட்டு, மாலை போட்டு, பழைய அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். சரி என்றேன். ஆனால் மாலையைக் கழற்றி வைத்த இடத்தில் கிடந்த கோப்பைச் சும்மா இருக்க மாட்டாமல் புரட்டிவிட்டேன். எருமப்பட்டிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், தம் ஊர் வரவேற்புக் கமிட்டித் தலைவர் செய்யும் அட்டகாசத்தைப் பற்றி எழுதிய கடிதம் அதில் இருந்தது. அதன் மூலையில் உங்களில் யாரோ முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள்: ‘உள்ளூர்த் தலைவரின் பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும் அனுப்புக.’

யார்மேல் புகாரோ அவர் கையிலேயே புகாரைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பெயர் நடவடிக்கையா? “அனுப்பியாகிவிட்டதா?” என்று கேட்டேன். “நகல் முந்தாநாளே போய்விட்டது சார்” என்று சிரித்த முகத்தோடு பதில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சத்தம் போட்டேன். கிழவருக்கு ரத்தக் கொதிப்பு என்று நினைத்து மோர் கொடுத்தீர்கள். மோரில் அடங்குகிற கோபமில்லை இது. முதலில் உங்களில் ஒருவர் எருமப்பட்டிக்குப் பஸ் ஏறுங்கள். கடிதம் எழுதிய அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு மீதியைப் படியுங்கள்.

கடிதங்களுக்கு எண் போடுவது, நாள்வாரியாகக் கட்டுவது, தந்தி வாசகம் எழுதுவது இதையெல்லாம் ஹெட் கிளார்க் சொல்லித் தருவார். அதற்கு நான் வேண்டாம். பேச்சாளர்களை ஊர் ஊராக அழைத்துப் போகும் இந்த வேலையில் கடினமானது ஒன்றே ஒன்றுதான். சேலத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, போகாத ஊரில் என்ன நடக்கிறது என்பதைக் காகிதத்தை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டெலிபோன் கிடையாது. பிரசங்கம் செய்ய வருகிறவர் சென்னையிலோ வேறெங்கோ இருப்பார். கூட்டம் கேட்க வருகிறவர்கள் ஆற்றோரத்தில் இருப்பார்கள். நடுவில் இருப்பவை கடிதங்கள் மட்டுமே. கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வேண்டியதைத்தான் எழுதுவார்கள்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒருமுறை சூடுபட்டேன். ‘சகல வசதிகளும் செய்யப்பட்டிருக்கின்றன’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்பி, வயதான பேச்சாளர் ஒருவரை நல்ல வெயிலில் அழைத்துப் போனேன். அங்கே ஒரு புளியமரமும் ஒரு நாற்காலியும் இருந்தன. நாற்காலியில் கடிதம் எழுதியவர் உட்கார்ந்திருந்தார். பேச்சாளர் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பேசிவிட்டு, காரில் ஏறும்போது, “வசதிகள் எழுந்து வணக்கம்கூடச் சொல்லவில்லையே ஐயா” என்றார். நானும் சிரித்துவிட்டேன். அந்தத் தப்பில் யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால்தான் எனக்குப் புத்தியும் வரவில்லை.

குமாரபாளையத்துக் காரியம் அப்படிப்பட்டதல்ல. அது நடந்தது முப்பதுகளில். கைத்தறிக்காரர் நலனைப் பற்றி ஊர் ஊராகப் பேச ஓர் அம்மையார் சென்னையிலிருந்து வந்தார்கள். ஆத்தூர் தொடங்கிக் காவிரிக் கரை வரைக்கும் பன்னிரண்டு நாள் பயணம். மூன்று மாதம் எழுதி எழுதி நான் கட்டிய பயணம் அது. எந்த ஊரில் எத்தனை மணிக்கு, யார் வீட்டில் சாப்பாடு, எவ்வளவு நேரம் பேச்சு என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வரும். அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குமாரபாளையத்தில் வரவேற்புக் கமிட்டித் தலைவர் ஒரு நூல் வியாபாரி. அவர் கடை நூலில்தான் அந்த ஊர்த் தறிகளில் பெரும்பாலானவை ஓடின. நூல் விற்ற மற்ற இரண்டு பேரும் அவருக்குச் சொந்தக்காரர்கள். வழவழப்பான காகிதத்தில், பெயர் அச்சடித்த தலைப்போடு எழுதியிருந்தார்: ‘காலை ஏழரை மணிக்குப் பாவடியில் கூட்டம். நெசவாளர் அனைவரும் ஒருமனதாகச் சம்மதித்திருக்கிறார்கள். முன்னதாக அம்மையாருக்கு என் இல்லத்தில் சிற்றுண்டி.’

பாவடி என்பது நெசவுக்காரர்களின் பொது இடம். துணியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைப் பாவடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் நின்று, இழை ஒன்றோடொன்று ஒட்டாதபடி தேய்த்துக்கொண்டே நடப்பார்கள். காய்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. ஈரத்தோடு நகர்த்தினால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் அறுந்துபோகும். இந்த வேலை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்போது முடியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் சேலத்துக்காரன். பாவடியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். காலை ஏழரைக்குப் பாவடியில் கூட்டம் என்று ஒருவர் எழுதினால் நான் அப்போதே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வழவழப்பான காகிதமாயிற்றே, நிமிரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. பென்சிலில், நிறுத்தி நிறுத்தி எழுதிய உருண்டைக் கையெழுத்து. ‘காலையில் பாவடியில் பாவு இருக்கும். ஏழரைக்குக் கூட்டம் வைத்தால் அன்றைக்குத் தெரு முழுக்க வேலை கெடும். நாங்கள் யாரும் சம்மதிக்கவில்லை, எங்களைக் கேட்கவும் இல்லை. சாயங்காலம் வைத்தால் எல்லாரும் வந்து கேட்போம். தெருவுக்காக, அர்த்தநாரி.’

எவ்வளவு ஒழுங்கான கடிதம் பாருங்கள். என்ன தடை, யாருக்கு நஷ்டம், மாற்று என்ன, எல்லாம் ஒரு கார்டில் இருந்தது. மூன்று மாதத்தில் எனக்கு வந்த கடிதங்களிலேயே உருப்படியானது அதுதான். அதை நான் என்ன செய்தேன்? ‘இத்துடன் கண்ட கடிதம் தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் தட்டெழுதி, கார்டோடு சேர்த்துக் குத்தி, நூல் வியாபாரிக்கே அனுப்பிவிட்டேன். எங்கள் ஆபீஸில் அதுதான் வழக்கம். உள்ளூர் விஷயம் உள்ளூர்த் தலைவருக்கு என்பார்கள். வேலை சுருக்கமாக முடிந்துவிடும் அல்லவா?

நாலாம் நாள் பதில் வந்தது. ‘விஷயம் சுமுகமாக முடிந்தது. எழுதியவர் தம் தவறை உணர்ந்துவிட்டார்.’ எங்கள் காரியதரிசி அதைப் படித்துவிட்டு, “பாரும், எவ்வளவு பொறுப்பான மனுஷன்!” என்று மெச்சினார். நானும் தலையாட்டினேன். நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டவனுக்கு உணருவதற்கு என்ன தவறு இருக்கிறது? ஒரு பெரிய மனிதர் ‘உணர்ந்துவிட்டார்’ என்று எழுதினால் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வரியைப் படித்த அன்றே நான் குமாரபாளையத்துக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் கோப்பைக் கட்டி வைத்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கூட்டத்தன்று சங்ககிரியிலிருந்து புறப்பட்டு, வியாபாரி வீட்டில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, காரில் பாவடிக்குப் போனோம். அம்மையார் பின்னால், நான் முன்னால், மடியில் கோப்பு. வானம் மூடிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாதது நல்லதாகப் போயிற்று, பேச்சுக்குச் சுகம் என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. பாவடியைப் பெருக்கித் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒரு கோடியில் மேடை. முப்பது நாற்பது பாவு நிற்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பாவு நின்றது. அதுவும் மேடைக்குப் போகும் வழிக்குக் குறுக்கே நின்றது. பாவடியில் அவரவர் குடும்பத்துக்கு அவரவர் இடம் தலைமுறையாக உண்டு, ஒருவர் இடத்தில் இன்னொருவர் போட மாட்டார்கள். அந்தக் குடும்பத்தின் இடம் அதுதான். ஓர் ஆளும் ஒரு பெண்ணும் இரண்டு பக்கமும் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கார் வந்து நின்றதையும் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாபாரி முன்னால் ஓடினார். “ஏன்டா அர்த்தநாரி, அத்தனை பேருக்கும் சொன்னது உனக்கு மட்டும் காதுல ஏறலியா?”

அந்த ஆள் கையை நிறுத்தாமலே பேசினார். “கோழி கூப்பிடவே போட்டமுங்க. ஏழு மணிக்குள்ள எடுத்துப்போடலாம்னுதான் இருந்தமுங்க. மூட்டம் போட்டுக்கிச்சு, காய மாட்டேங்குது. சித்த நேரம் பொறுத்துக்கோணுமுங்க.”

அர்த்தநாரி என்ற பெயரைக் கேட்டதும் எனக்குக் கார்டு நினைவுக்கு வந்தது. அதற்குள் அம்மையார் இறங்கி வந்துவிட்டார்கள். “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். அவள் அர்த்தநாரியின் மனைவி, அத்தாயி என்று பெயர்.

“வெயிலு வந்துட்டா ஒரு மணி நேரமுங்கம்மா” என்றாள்.

“ஓரமாக நகர்த்திவைக்க முடியாதா?”

“அதுக்கென்னங்கம்மா, நாலு பேரு புடிச்சா நவுத்திரலாம்” என்று வியாபாரி முந்திக்கொண்டார்.

அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தறியைப் பற்றிப் புத்தகத்தில் படித்தது தெரியும், ஈரப் பாவை நகர்த்தலாமா கூடாதா என்பது தெரியாது. அத்தாயியும் என்னைப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக் கோப்பு வைத்திருக்கிறவன் நாலும் தெரிந்தவனாக இருப்பான் என்று நினைத்தாளோ என்னவோ. அங்கே நின்ற வெளியூர்க்காரர்களில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ‘நகர்த்தினால் பாழாகிவிடும், அம்மா’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது.

நான் சொன்னது வேறு. “திருச்செங்கோட்டில் ஒன்பதரைக்குக் கூட்டம், அம்மா” என்றேன்.

கேட்ட கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. திருச்செங்கோடு ஒரு மணி நேரம் காத்திருந்தால் குடிமுழுகிப் போயிருக்காது. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் காத்திருந்திருக்கிறார்கள். நான் மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட கால அட்டவணையில் ஒரு கட்டம் தவறிப்போகுமே என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

“சரி, பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு அம்மையார் மேடைப் பக்கம் நடந்தார்கள். வியாபாரியின் ஆட்கள் எட்டுப் பேர் பாவைப் பிடித்தார்கள். “அய்யோ, புடிக்காதீங்க சாமி, ஈரமுங்க, ஈரமுங்க!” என்று அத்தாயி கத்தினாள். ஒருவன் ஒரு பக்கம் இழுத்தான், இன்னொருவன் இன்னொரு பக்கம் விட்டான். நடுவில் தொய்ந்து மண்ணில் விழுந்தது. அதைத் தூக்கிச் சுருட்டி வேலியோரம் போட்டார்கள். எல்லாம் இரண்டு நிமிஷம்தான். பிறகு அம்மையார் நெசவாளர் படும் பாட்டைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள். வேலியோரத்தில் இரண்டு பேர் குனிந்து இழையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு முடிந்து மாலை போடுகிற நேரத்தில் அர்த்தநாரி என்னிடம் வந்தார். கையில் கஞ்சி காய்ந்திருந்தது.

“சேலம் ஆபீசு நீங்கதானுங்களா?”

“ஆமாம்.”

“கார்டு ஒண்ணு போட்டமுங்க. வந்து சேந்துச்சுங்களா?”

“வந்தது.”

“அப்பறம் எப்படீங்க அது நூல்கடைக்காரர் கைக்குப் போச்சு?” குரலை உயர்த்தவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “கடையில அத்தனை பேருக்கும் முன்னால வாசிச்சுக் காட்டுனாருங்க. அன்னையோட எனக்கு நூலு கெடையாதுன்னுட்டாரு. மத்த ரெண்டு கடையிலயும் சொல்லிப்போட்டாரு. ஊட்ல கெடந்த கடைசி நூலுங்க இது. இதைத் துணியா நெஞ்சு வித்துட்டு ஈரோட்டுல நூலு வாங்கிக்கலாம்னு இருந்தமுங்க.”

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது. “அது ஆபீஸ் வழக்கம்” என்றேன். அவர் திரும்பி வேலிப் பக்கம் போய்விட்டார். கார் ஹாரன் அடித்தது. நான் போய் அம்மையாருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். திருச்செங்கோட்டுக்கு ஒன்பது இருபதுக்கே போய்ச் சேர்ந்தோம்.

பயணம் முடிந்து அறிக்கை எழுதியதும் நான்தான். ‘குமாரபாளையத்தில் கூட்டம் சிறப்பாக நடந்தேறியது’ என்று எழுதினேன். காரியதரிசி கையைக் குலுக்கினார். நூல் வியாபாரிக்கு நன்றிக் கடிதம் போயிற்று. அதையும் நான்தான் தட்டெழுதினேன். அம்மையார்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஒரு மணி நேரம் நிற்க மாட்டாத நலன் என்ன நலன்? வியாபாரிமேல் இருக்கிற கோபத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஒருவர் கையில் அந்தக் கார்டைக் கொடுத்தவனும், இன்னொருவரிடம் காட்டாமல் மறைத்தவனும் நான்தான். யாரிடம் போகக் கூடாதோ அவரிடம் கொடுத்தேன். யாரிடம் காட்ட வேண்டுமோ அந்த அம்மையாரிடம் அப்படி ஒரு கார்டு வந்ததென்று மூச்சுவிடவில்லை.

அதற்கப்புறம் நான் இருந்த வரைக்கும் எங்கள் பிரிவில் எந்தப் புகாரும் பெயரோடு வெளியே போகவில்லை. பென்சில் கடிதங்களை முதலில் படித்தேன். ‘ஒருமனதாக’ என்று எவராவது எழுதினால், பஸ் ஏறிப் போய் அந்த மனம் எத்தனை பேருடையது என்று பார்த்துவிட்டு வந்தேன். எதற்கெடுத்தாலும் ஊருக்கு ஓடுகிறான் என்று ஆபீஸில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். இதெல்லாம் நான் பெரிய மனிதனாகிவிட்டேன் என்று காட்டுவதற்கு எழுதவில்லை. அர்த்தநாரிக்கு இதனால் ஒரு பிடி நூல்கூடக் கிடைக்கவில்லை.

கூட்டம் நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மனசு கேட்காமல் லீவு போட்டுவிட்டுக் குமாரபாளையம் போனேன். அவர்கள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். தறி சும்மா கிடந்தது. அத்தாயி யாருக்கோ கூலிக்கு ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அவரு இல்லீங்க. பாலந்தாண்டிப் பவானிக்குப் போயிட்டாரு, சமக்காளத் தறிக்குக் கூலிக்கு. வாரத்துக்கு ஒருக்கா வருவாருங்க.”

“தப்பு என்னோடதும்மா” என்றேன். “இதை இப்படியே விடக் கூடாது. நான் அம்மையாருக்கே எழுதறேன். கலெக்டருக்கும் எழுதலாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, நானே உங்க பேர்ல எழுதித் தரேன். நீங்க கைநாட்டு மட்டும் வெச்சாப் போதும்.” பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

அத்தாயி ராட்டையை நிறுத்தினாள்.

“எனக்குக் கைநாட்டு வேண்டாமுங்க. மூணாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க. அந்தக் கார்டு எழுதுனதே நாந்தானுங்க. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. எழுதாதே புள்ள, வம்பு வந்து சேரும்னு அவரு சொன்னாரு. சேலத்துல இருக்கறவங்க படிச்சவங்க, நாம எழுதுனா அவங்களுக்குப் புரியும்னு நாந்தானுங்க சொன்னேன்.”

சொல்லிவிட்டு அவள் மறுபடியும் ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.